கர்ப்பப்பை இறங்கினால் எடுத்தே ஆக வேண்டுமா? பயிற்சி, வளையம், ஆபரேஷன், வலை பற்றி ஆய்வுகள் சொல்வது

கேட்டது இது: அம்மாவுக்கு 56 வயது, மூன்றும் நார்மல் டெலிவரி, முதல் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பல வருடமாக இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. ஒரு வருடமாக மாலை நேரத்தில் அடியில் ஏதோ இறங்கி வந்து தட்டுப்படுகிறது. ஒரு மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொரு இடத்தில் லேசர் போதும் என்கிறார்கள், இணையத்தில் தேடினால் உறுப்பைத் தாங்க உள்ளே பிளாஸ்டிக் வலை வைத்துக்கொண்ட பெண்கள் பட்ட பாடுதான் கண்ணில் படுகிறது. உங்களுக்கு இது ஐந்தாம் மாதம், நான் சிசேரியன் கேட்டு வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெண்கள் நலப் பிரிவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை செய்பவள் இல்லை, ஆனால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இந்தப் பெண்களைத் தினமும் பார்க்கிறவள். தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பதற வேண்டாம். கர்ப்பப்பை இறக்கம் புற்றுநோய் கிடையாது, விட்டுவைத்தால் அப்படி மாறிவிடும் என்பதும் கிடையாது. எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைவிட, அம்மாவை அது எவ்வளவு படுத்துகிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். யோனி வாசலைத் தாண்டாத இறக்கம் நிறையப் பெண்களுக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. ஆனால் சிறுநீர் சரியாகப் போகாமல் தேங்குவது, திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று வருவது, வெளியே வந்த பகுதி துணியில் உரசிப் புண்ணாவது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, இந்த வாரமே காட்டுங்கள்.

அம்மாவுக்கு மட்டும் வந்த விநோதமான நோயும் இல்லை இது. 2008-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் அமெரிக்கப் பெண்கள் 1,961 பேரை வைத்து ஒரு கணக்கு வந்தது. சிறுநீர்க் கசிவு, மலக்கசிவு, உறுப்பு இறக்கம் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தவர்கள் 23.7 சதவீதம், அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவர். 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர். நம் ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். செங்கல்பட்டுப் பக்கம் தலித் பெண்களோடு வேலை செய்துவரும் ருவ்செக் அமைப்பு, கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடமே பேசி 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வருடக்கணக்காக இறக்கத்தோடே வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் செய்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது முதுகுவலி என்றுதான். கதவைச் சாத்திவிட்டு, "இருமினா துணி நனையுதாம்மா?" என்று நானாகக் கேட்டால்தான் மற்றது வரும்.

இது ஏன் வருகிறது என்பது புரிந்தால்தான் சிகிச்சையும் புரியும். இடுப்பெலும்பின் அடியில், முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தசைத் தொகுதி தூளி கட்டியது போலத் தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேலிருந்து நார்த்திசுக்களும் இவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி இந்தத் தாங்கும் அமைப்பை மூன்று மட்டங்களாகப் பிரித்து 1992-ல் விளக்கினார், இன்றைய ஆபரேஷன்கள் பெரும்பாலும் அந்தப் புரிதலில் நிற்பவைதான். பிறகு அதே பல்கலைக்கழகக் குழு, குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசைக்கு என்ன ஆகிறது என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்த்தது. தசையின் உள்விளிம்பு தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று 2004-ல் வெளியிட்டார்கள். உடம்பில் வேறெந்தத் தசையும் இவ்வளவு இழுபட்டுவிட்டுச் சும்மா இருக்காது. சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் முப்பரிமாண ஸ்கேன் வைத்துப் பார்த்து, பிரசவத்தில் சிலருக்கு இந்தத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுவதைக் காட்டினார். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இந்தக் கிழிசல் கூடுதல் என்பது அதற்குப் பிறகு பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. உங்கள் அம்மாவின் முதல் பிரசவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த நினைவுதான் வந்தது. அப்போது வெளியில் போட்ட தையல் ஆறியிருக்கும், உள்ளே தசை பிய்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வயதும், மாதவிடாய் நிற்பதும், நாள்பட்ட இருமலும், மலச்சிக்கலும், பளு தூக்குவதும் அதன்மேல் சேர்ந்துகொள்ளும்.

ஆக, இறங்கியதற்குக் கர்ப்பப்பை காரணமில்லை. அதைத் தாங்கியது தளர்ந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் பேச்சு வரும்போது வேண்டியிருக்கும்.

சிகிச்சைகளைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ரொம்பக் காலம் பொருளும் ஆபரேஷனும் முதலில் புழக்கத்துக்கு வந்துவிடும், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சோதனை பின்னால் வரும். 2000-ஐ ஒட்டி அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் ஒதுக்கி, பல மருத்துவமனைகளைச் சேர்த்துக் கூட்டமைப்புகள் அமைத்த பிறகும், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பெரிய சோதனைகள் நடந்த பிறகும்தான் நம்பத்தக்க எண்கள் கிடைத்தன. அந்த எண்கள் பல இடங்களில் விளம்பரத்துக்கு நேர் எதிராக நிற்கின்றன. செலவு குறைந்த, அலட்சியமாகப் பார்க்கப்பட்ட சிகிச்சைகளுக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது.

பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதைப் பற்றி எழுதினார், அதனால்தான் கெகல் பயிற்சி என்கிறோம். 2018-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 31 சோதனைகளை, மொத்தம் 1,817 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. இருமும்போது கசியும் வகையில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டது என்றார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். பக்கவிளைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இவ்வளவு வித்தியாசம் காட்டும் மாத்திரை ஒன்று இருந்தால் வீதிக்கு வீதி விளம்பரம் வைத்திருப்பார்கள்.

"அம்மா செய்து பார்த்தாங்க, பிரயோஜனம் இல்லை" என்று அடுத்து எழுதுவீர்கள் என்று தெரியும். ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1991-ல் ரிச்சர்ட் பம்ப் குழு, வாய்ச்சொல்லால் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு 47 பெண்களை அளந்து பார்த்தது. பாதிப்பேர்தான் சரியாக இறுக்கினார்கள். நாலில் ஒருவர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருந்தார், அதாவது நோயைக் கூட்டும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்து "வீட்டில் செய்யுங்கம்மா" என்று அனுப்பிவிட்டு, பயிற்சி பலிக்கவில்லை, ஆபரேஷன்தான் என்று முடிவு கட்டுவது எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம்.

அம்மா சரியாகச் செய்கிறாரா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரிய வந்தால் எப்படி அடக்குவோமோ அப்படி ஆசனவாயை உள்ளே இழுத்து, அந்த இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர் வரும் வழி வரை கொண்டுவந்து, மொத்தத்தையும் மேல்நோக்கித் தூக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளட்டும். வயிறு உப்பினாலோ, பிட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ தப்பு. இன்னொரு கையின் விரலை யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் தோலில் லேசாக வைத்தால், சரியாகச் செய்யும்போது அந்த இடம் விரலை விட்டு உள்ளே போகும். விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் முக்குகிறார் என்று அர்த்தம், நிறுத்திவிட்டு யாரிடமாவது நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், அது சிறுநீர்ப்பையின் இயல்பைக் குழப்பும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு, ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, மேற்பார்வையோடு குறைந்தது மூன்று மாதம். பத்து நாளில் பலன் தேடினால் ஏமாற்றம்தான்.

சீக்கிரம் பலன் தரும் உத்தி ஒன்றும் உண்டு. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொண்டு இருமுவது. மிச்சிகனில் லேசான கசிவு இருந்த, வயதான 27 பெண்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்து ஒரு வாரம் கழித்து அளந்தார்கள். மிதமான இருமலில் கசிவு சராசரியாக 98.2 சதவீதமும், பலமான இருமலில் 73.3 சதவீதமும் குறைந்தது. 1998-ல் வந்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். குடத்தைத் தூக்கும் முன், பேரக்குழந்தையை இடுப்பில் வைக்கும் முன், இதே இறுக்கம்.

திரையில் கோடு ஏறி இறங்குவதைக் காட்டும் பயோஃபீட்பேக் கருவி வேண்டுமா என்றால், எல்லோருக்கும் வேண்டாம். பிரிட்டனில் 600 பெண்களை வைத்து நடந்த ஓபல் சோதனையில், நன்றாகச் சொல்லிக்கொடுத்த பயிற்சியோடு அந்தக் கருவியைச் சேர்த்ததால் இரண்டு வருட முடிவில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்து நேரில் நாலு அமர்வு கூடுதலாகப் போங்கள். இறக்கத்துக்கும் பயிற்சி உதவும். 447 பெண்களை வைத்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பாப்பி சோதனையில், தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத் தொந்தரவு குறைவாக இருந்தது. ஆனால் முழுவதும் வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையைப் பயிற்சி மேலே ஏற்றிவிடாது. அதை ஏற்றிவிடும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அடுத்தது பெசரி. உங்கள் கேள்வியில் இந்தப் பேச்சே இல்லை, அதாவது பார்த்த இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. சிலிக்கானில் செய்த வளையம் அது, பல அளவுகளில் வரும். அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்து, இரண்டாக மடித்து உள்ளே வைத்துவிட்டால் அங்கே விரிந்துகொண்டு கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும். சரியான அளவாக இருந்தால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. குந்தி உட்கார்ந்து முக்கிப் பார்த்தாலும் விழாமல், சிறுநீரும் தடையில்லாமல் போக வேண்டும், அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்புவோம். தானே எடுத்துச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளப் பழகிவிடும் அம்மாக்கள் நிறைய. முடியாதவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை வந்து மாற்றிக்கொள்ளலாம். கவனிக்காமல் வருடக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால்தான் புண்ணாகும்.

நெதர்லாந்தில் 440 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெசரி, மறுபாதிக்கு ஆபரேஷன் என்று தொடங்கிய சோதனை 2022-ல் ஜாமாவில் வந்தது. இரண்டு வருடத்தில் நன்றாக இருக்கிறது என்றவர்கள் ஆபரேஷன் பக்கம் 81.5 சதவீதம், பெசரி பக்கம் 76.3 சதவீதம். ஆபரேஷனுக்குப் பெசரி குறைந்ததில்லை என்று அந்த எண்களால் நிரூபிக்க முடியவில்லை, அதோடு பெசரியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் நாளடைவில் ஆபரேஷனுக்கு மாறினார்கள். இதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். ஆனால் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் கத்தி படாமலேயே அந்த இரண்டு வருடத்தைக் கடந்தார்கள். அம்மா ஒரு மாதம் வைத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், இழப்பு ஒன்றும் இல்லை. ஆபரேஷனை அப்படித் திருப்பிக்கொள்ள முடியாது.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். அது தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்களையும் நான் தினமும் பார்க்கிறேன், அதனால் ஆபரேஷனே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பப்பையை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம்தான் தப்பு. அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் ஒரு பெரிய காப்பீட்டுத் திட்டத்தின் 1995-ம் வருடக் கணக்குகளை எடுத்து 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. இறக்கத்துக்கோ கசிவுக்கோ ஆபரேஷனுக்கு வந்தவர்களில் 29.2 சதவீதம் பேர் ஏற்கெனவே ஒருமுறை செய்துகொண்டவர்கள். கர்ப்பப்பையை எடுத்த பிறகு யோனியின் மேல்முனையைச் சரியாகக் கட்டித் தூக்காவிட்டால், அந்த முனையே இறங்கி வரும். அதனால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "எடுத்த பிறகு மேலே எதில் கட்டுவீர்கள்?" நல்ல அறுவை மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், படம் போட்டே காட்டுவார்.

எடுக்காமலேயே தூக்கிக் கட்டலாமா என்பதற்கும் நெதர்லாந்தில் சோதனை நடந்திருக்கிறது. 208 பெண்கள், பாதிப்பேருக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே பின்னால் இருக்கும் உறுதியான நாரில் சேர்த்துக் கட்டினார்கள், பாதிப்பேருக்கு எடுத்துவிட்டுத் தூக்கினார்கள். 2015-ல் வந்த ஒரு வருட முடிவில் வைத்துக்கொண்ட முறை எந்த விதத்திலும் குறைவாக இல்லை. 2019-ல் வந்த ஐந்து வருடக் கணக்கில், மேல்பகுதி மறுபடி இறங்கித் தொந்தரவு கொடுத்ததோ மறு ஆபரேஷன் தேவைப்பட்டதோ வைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கு, எடுத்தவர்களில் எட்டுப் பேருக்கு. கர்ப்பப்பையைக் காப்பாற்றும் ஆபரேஷன் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. மும்பையில் ஷிரோட்கரும் புரந்தரேயும் இளம்பெண்களுக்காகவே கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்னமே உருவாக்கினார்கள், இந்தியப் பாடப்புத்தகங்களில் இன்றும் அவை இருக்கின்றன. கட்டி, அதிக ரத்தப்போக்கு, கர்ப்பப்பை வாயில் சந்தேகத்துக்குரிய மாற்றம் என்று வேறு காரணம் இருந்தால் எடுப்பதுதான் சரி. "இனிமே எதுக்கு அது, குழந்தை பெத்தாச்சே" என்பது காரணம் ஆகாது.

இப்போது வலை. நீங்கள் படித்து பயந்தது நியாயமான பயம், ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள்.

ஒன்று, இருமல் கசிவுக்குச் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் வைக்கும் ஒரு சென்டிமீட்டர் அகல பிளாஸ்டிக் வலை நாடா. ஸ்வீடனின் உப்சாலாவில் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியரான பீட்டர் பெட்ரோஸும் சேர்ந்து வளர்த்த கருத்திலிருந்து பிறந்தது, 1996-ல் அதன் முதல் விவரங்கள் வெளியாயின. 2010-ல் வந்த டோமஸ் சோதனையில் 597 பெண்களுக்கு இரண்டு வகை நாடாக்களை ஒப்பிட்டார்கள், ஒரு வருடத்தில் சோதனை மூலம் அளந்த வெற்றி 80.8 சதவீதமும் 77.7 சதவீதமும். நாடாவிலும் சிக்கல் வரும், சிலருக்கு வலி, சிலருக்குச் சிறுநீர் தடைபடுவது, சிலருக்கு நாடா திசுவை அரித்துக்கொண்டு வெளியே வருவது. ஆனாலும் பெரும்பாலான நாடுகளில் புழக்கத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பவர்களுக்கு அவர்கள் வயிற்றுச் சவ்விலிருந்தே பட்டை எடுத்து வைக்கும் பழைய முறை உண்டு. 655 பெண்களின் சோதனையில் அதற்கு நல்ல பலன் தெரிந்தது, ஆனால் சிறுநீர்த் தொற்றும் கழிப்பதில் சிரமமும் கொஞ்சம் கூடுதல்.

இரண்டாவது, வயிற்று வழியாக, இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், யோனியின் மேல்முனையை வலை வைத்து முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இணைப்பது. நன்றாகத் தாங்கும். ஆனால் ஏழு வருடம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில், வலையோ தையலோ யோனிக்குள் எட்டிப்பார்த்தவர்கள் 10.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

மூன்றாவதுதான் நீங்கள் படித்த கொடுமை: இறக்கத்துக்காக யோனி வழியாகவே உள்ளே வைத்த பெரிய வலைத்துண்டுகள். இவை சந்தைக்கு வந்த விதத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு கருவி ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் வேறொன்றை ஒத்திருக்கிறது என்று காட்டிவிட்டால், பெண்களிடம் சோதித்துப் பார்க்காமலேயே அனுமதி கிடைத்துவிடும் வழி இருந்தது. அந்த வழியில் 1990-களில் அனுமதி பெற்ற ப்ரோட்டஜென் என்ற பட்டை, சிக்கல்கள் குவிந்ததால் 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பின்வந்த பொருட்கள் சந்தையிலேயே நின்றன. இறக்கத்துக்கென்றே செய்த முதல் வலை 2002-ல் அனுமதி பெற்றது, அதற்குப் பிறகு ஊசியும் வலையும் சேர்ந்த கிட்டுகளாக வேகமாகப் பரவியது. வலை திசுவை அரித்துக்கொண்டு வெளியே வருவது, தீராத வலி, உடலுறவே முடியாமல் போவது, எடுக்க முயன்றால் துண்டு துண்டாக வருவது என்று பெண்கள் சொல்லச் சொல்ல, "எல்லாம் உன் மனசுதான்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். 2008-லும் 2011-லும், மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது, 2016-ல் அதிக ஆபத்து வகைக்கு மாற்றியது, 2019 ஏப்ரலில் மிச்சமிருந்த நிறுவனங்களை விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியா 2018-லேயே விலக்கிக்கொண்டது. இங்கிலாந்து 2018 ஜூலையில் நிறுத்திவைத்தது, பேரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் நடந்த விசாரணை 2020-ல் வெளிவந்தது. அந்த அறிக்கையின் முக்கியமான குற்றச்சாட்டே பெண்களின் பேச்சை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவில்லை என்பதுதான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம், 2017-ல் லான்செட்டில் வந்த பிரிட்டனின் ப்ராஸ்பெக்ட் சோதனை. முதல்முறை சாதாரணத் தையலால் சரிசெய்தவர்களையும் வலை வைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு வருடத்தில் வலையால் கூடுதல் பலன் எதுவுமே இல்லை, ஆனால் வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலைச் சிக்கல். இந்தச் சோதனையை அனுமதிக்கு முன்பே செய்திருக்க முடியும். செய்யவில்லை, பதினைந்து வருடம் கழித்துச் செய்தார்கள். அம்மாவிடம் யாராவது யோனி வழியாக இறக்கத்துக்கு வலை வைக்கலாம் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

லேசரும் இதே பாதையில்தான் போகிறது. 2018 ஜூலையில் எஃப்டிஏ, யோனிக்கு "புத்துணர்ச்சி" தருவதாகவும் சிறுநீர்க் கசிவைக் குணப்படுத்துவதாகவும் லேசர் விற்பவர்களை எச்சரித்தது, இவற்றுக்கு அனுமதி கொடுக்கவே இல்லை என்றது. 2021-ல் ஜாமாவில் வந்த ஆஸ்திரேலியச் சோதனையில், மாதவிடாய் நின்ற பெண்களின் யோனி வறட்சிக்கு நிஜ லேசரும் பொய் லேசரும் ஒரே மாதிரிதான் இருந்தன. கர்ப்பப்பை இறக்கத்தை லேசர் தூக்கும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. காசு கட்டிவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: இருமாமலேயே, திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போவதற்குள் போய்விடுகிறதா? அது வேறு வகை, நாடா வைத்தால் சரியாகாது, சில சமயம் கூடவும் கூடும். 1998-ல் 197 வயதான பெண்களிடம் நடந்த சோதனையில், தசைப் பயிற்சியும் அடக்கிப் பழகும் முறையும் கசிவை 80.7 சதவீதம் குறைத்தன, மாத்திரை 68.5 சதவீதம், வெற்று மாத்திரையே 39.4. வாய் வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் மாத்திரைக்குத்தான். அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப்பையில் போட்டாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் கருவி என்று அடுத்த படிகள் இருக்கின்றன, அதெல்லாம் இப்போது வேண்டாம்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் அதையும் கொஞ்சம் பாருங்கள். 338 பெண்களின் ஆய்வில் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய பாதியானது. மலச்சிக்கலை முதலில் சரிசெய்ய வேண்டும், தினமும் முக்குகிறவருக்குப் பயிற்சி பாதிதான் பலிக்கும்.

இனி உங்களுக்கு. 2003-ல் நார்வேயில் 15,307 பெண்களைப் பார்த்தார்கள். கசிவு இருந்தவர்கள், குழந்தையே பெறாதவர்களில் 10.1 சதவீதம், சிசேரியன் மட்டும் ஆனவர்களில் 15.9, நார்மல் டெலிவரியில் 21. அதாவது சிசேரியன் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் ஆக்கவில்லை, சுமந்ததற்கே ஒரு பங்கு இருக்கிறது. இறக்கத்தைப் பொறுத்தவரை சிசேரியன் தரும் பாதுகாப்பு இதைவிடக் கூடுதல், அதையும் மறைக்கவில்லை. ஆனால் தழும்பு, அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து எல்லாம் எதிர்த்தட்டில் இருக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் ஏற்கெனவே சிசேரியன்தான், கசிவுக்குப் பயந்து இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் மருத்துவருக்கு வேறு காரணம் தெரிந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது பயிற்சி. இப்போது கசிவு இல்லாத கர்ப்பிணிகள் ஆரம்பத்திலிருந்தே முறையாகச் செய்தால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைகிறது என்று 2020-ல் காக்ரேன் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. ஐந்தாம் மாதம் தாமதம் இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மேலே நான் கொடுத்த எண்கள் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பெண்களுடையவை. பதினெட்டு வயதில் பிள்ளை பெற்று, ஒரு மாதத்தில் களையெடுக்கப் போய், தலையில் விறகும் இடுப்பில் தண்ணீரும் சுமந்தவர்களை வைத்து இந்த அளவுக்குச் சோதனைகள் நடக்கவில்லை. நேபாளத்தில் இளம் வயதிலேயே இறக்கம் வருவது அவ்வளவு பரவலாக இருந்ததால் 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இது பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்புச் சொல்லியது. நம் ஊர் எண்களை நம் மருத்துவக் கல்லூரிகள்தான் சேகரிக்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிவைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

அம்மாவை அடுத்தமுறை கூட்டிப்போகும்போது, படுக்கவைத்து முக்கச் சொல்லி, முன்சுவர், பின்சுவர், மேல்முனை மூன்றில் எது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிறுநீர் போன பிறகு ஸ்கேனில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெசரி அளவு பார்க்க முடியுமா என்று கேளுங்கள், இல்லை என்றால் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் விசாரியுங்கள். மாதவிடாய் நின்றவர் என்பதால் யோனிக்குள் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவருக்கு ஒத்துவருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வளையம் வைக்கும்போது உரசல் குறையும். அதற்குப் பிறகு மூன்று மாதம் சரியான பயிற்சி. அந்த மூன்று மாதத்தில் கர்ப்பப்பை எங்கேயும் ஓடிப்போகாது. அப்போதும் தொந்தரவு இருந்தால் ஆபரேஷன் பற்றி நிதானமாகப் பேசலாம். அளந்து எழுதித் தந்த சீட்டில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதினால், மேற்கொண்டு சொல்கிறேன்.